வென்று தொலைத்த கடைசி ஆட்டம்

டொலீடோ, ஒஹாயோ
ஜனவரி 9

பெருமதிப்பிற்குரிய மாப்பிள்ளை டுவெய்ன் கோவாக்ஸ் அவர்களுக்கு,

ரேமண்ட் ஸ்விடெர்ஸ்கி எழுதுவது. இங்கு நானும் என் மனைவி ஆர்லீனும் சுகம். நிலவறைக் கொதிகலனும் சுகம். அங்கு உங்களுக்குத் தொண்டை கட்டியிருப்பதாக என் தங்கை லொரெய்ன் தொலைபேசியில் சொன்னாள். அது எதனால் என்பதை நான் அறிவேன். அதைப் பற்றியே இக்கடிதம்.

அப்பா எனக்கும் லொரெய்னுக்குமாக விட்டுச்சென்ற, அமெரிக்கக் கால்பந்து அரங்கின் ஆண்டுச் சந்தா இருக்கைகள் இரண்டுக்கும், அதாவது இருபத்திரண்டாம் வரிசை ஏழுக்கும் எட்டுக்கும், புதுப்பிப்புப் படிவம் வந்திருக்கிறது. தங்கை தன் பங்கை உங்களுக்கு மாற்றிக் கொடுத்துவிட்டதால், உங்கள் கையெழுத்தும் என்னுடையதும் இம்மாத இறுதிக்குள் சேர்ந்து போக வேண்டும். ஒன்று குறைந்தாலும், பத்தொன்பது ஆண்டுகளாகப் பட்டியலில் காத்திருக்கும் யாரோ ஒருவருக்கு இரண்டும் போய்விடும். நான் கையெழுத்திடப் போவதில்லை. ஐம்பத்தாறு வயதுப் பொறியாளன் ஆற அமர எடுத்த முடிவு இது.

இந்தப் பருவத்தை நான் பொறுத்துக்கொண்டேன் என்பதை முதலில் பதிவு செய்கிறேன். செப்டம்பரில், முதல் ஆட்டத்திலேயே, நம் ஹெரன்ஸ் அணியின் அதிவேக ஓட்டக்காரன் எல்லைக்கோட்டருகே அணிச் சின்னமான கொக்கின் வேடமிட்டு ஆடிக்கொண்டிருந்தவன் மீது மோதி முழங்காலை உடைத்துக்கொண்டதையும், அவன் கட்டுப்போட்டுக் கிடக்க, கொக்கு மட்டும் அடுத்த வாரமே ஆட வந்துவிட்டதையும் பொறுத்தேன். ஆட்டத்தை நடத்த வேண்டிய குவாட்டர்பேக் எறிந்த பந்து நம் ஆளின் ஹெல்மெட்டிலேயே பட்டு எதிரியின் கைக்குப் போய், அவன் எண்பது கஜம் ஓடியதைப் பொறுத்தேன். அக்டோபரில் நாம் பெற்ற ஒரே வெற்றியைக் கடும் மூடுபனியில் யாருமே பார்க்க முடியாமல் போனதைப் பொறுத்தேன். ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் வாகன நிறுத்தத்தில் உங்கள் வண்டியின் பின்கதவைத் திறந்து வைத்து கோல்பாஸ் தொத்திறைச்சி சுட்டுக்கொண்டே "அடுத்த வாரம் பாருங்க மச்சான், பசங்க பின்னிடுவானுங்க" என்று நீங்கள் சொன்னதையும், பதினைந்து முறை, பொறுத்தேன்.

ஆனால் நன்றி நவிலும் நாளன்று, வான்கோழியை வெட்டும் முன்பே, தாளில் அட்டவணை போட்டு உங்களுக்கு விளக்கினேன். கடைசி இடம் பிடிக்கும் அணிக்கே கல்லூரி வீரர்களில் முதல் ஆளைத் தேர்ந்தெடுக்கும் உரிமை. அயோவாவில் படிக்கும் அந்தக் குவாட்டர்பேக் போல இன்னொருவன் கிடைக்க இருபது ஆண்டுகள் ஆகும். ஆகவே எஞ்சிய அனைத்திலும் நாம் தோற்பதே அறிவுடைமை. "சரி மச்சான், தோத்துடலாம். கிழங்க இந்தப் பக்கம் தள்ளுங்க" என்று சொல்லி எனக்குக் கைகொடுத்தீர்கள். அதை நான் ஒப்பந்தமாகவே கருதினேன்.

கடைசி ஆட்டம், நம்மைப் போலவே ஒன்றே ஒன்று வென்றிருந்த ஒமாஹா அணியோடு. தோற்பவருக்கே அந்த இளைஞன். பின்வரிசைத் திருமதி பெட்ருஷ்கா ஜெபமாலையை உருட்டி நம் தோல்விக்காக மன்றாடிக்கொண்டிருந்தார். மூன்று நொடி மிச்சம். இரண்டு புள்ளி பின்தங்கியிருந்தோம். கொட்டும் பனியில், ஐம்பத்தெட்டு கஜத்திலிருந்து மூன்று புள்ளிக்கு உதைக்க, பருவம் முழுவதும் ஒன்பது உதைகளைக் கோட்டைவிட்ட ப்ரூயெட்டை அனுப்பினார்கள். அரங்கமே நிம்மதியாக மூச்சு விட்டது. பந்து இலக்குக் கம்பத்தில் மோதி, குறுக்குச் சட்டத்தின் மேல் உட்கார்ந்து சற்று யோசித்து, உள்ளே விழுந்தது. நாற்பதாயிரம் பேர் தலையில் கைவைத்து அமர்ந்திருக்க, நீங்கள் ஒருவர் மட்டும் எழுந்து நின்று கத்தினீர்கள்.

"யோவ் டுவெய்ன், உக்காருய்யா. மானம் போகுது" என்றார் திருமதி பெட்ருஷ்கா.

"ஜெயிச்சிட்டோம்க்கா. பாத்தீங்கல்ல?"

"ஜெயிச்சு என்னத்தக் கிழிச்ச? அந்த அயோவாப் பையன் இப்ப ஒமாஹாவுக்குல்ல போறான்."

"போகட்டுமே. அவன நேத்து வரைக்கும் நமக்கு யாருன்னே தெரியாது. இந்த ப்ரூயெட் நம்ம பய."

நானோ அப்பாவின் ஆரஞ்சுத் தொப்பியணிந்து கண்ணியமாக அமர்ந்திருந்தேன். மேலும், நீங்கள் குதித்த குதியில் எட்டாம் இருக்கையின் சாய்மானம் உடைந்திருக்கிறது. அதற்கான மன்னிப்புக் கடிதத்தை அரங்க நிர்வாகத்துக்கு நீங்களே எழுதிக்கொள்ளவும்.

லொரெய்னுக்கு என் அன்பு. உங்கள் தொண்டை விரைவில் குணமாகவும், பேச்சு மட்டும் சற்றுத் தாமதித்துத் திரும்பவும் வாழ்த்தும்,

ரேமண்ட் ஸ்விடெர்ஸ்கி

பி.கு.: உறையை ஒட்டும் முன் ஆர்லீன் திங்கட்கிழமைச் செய்தித்தாளை மேசையில் விரித்து வைத்தாள். முதல் பக்கப் படத்தில், அமர்ந்திருக்கும் கூட்டத்தின் நடுவே இருவர் நிற்கிறார்கள். ஒருவர் நீங்கள். அப்பாவின் ஆரஞ்சுத் தொப்பியோடு, வாயைத் திறந்தபடி உங்கள் கழுத்தைக் கட்டிக்கொண்டிருப்பவர் யார் என்று பூதக்கண்ணாடி வைத்தும் பார்த்தேன். எட்டாம் இருக்கையின் சாய்மானத்தை மிதித்துக்கொண்டிருக்கும் காலணி உங்களுடையதல்ல. மன்னிப்புக் கடிதத்தை நானே எழுதிவிட்டேன். படிவம் இத்துடன் உள்ளது. என் கையெழுத்துக்குக் கீழே உங்களுடையதை இட்டு அனுப்பவும். செப்டம்பரில் முதல் ஆட்டம் ஒமாஹாவோடுதானாம். கோல்பாஸ் கூடுதலாக வாங்கவும்.