அதனால சார்

சித்தூரில் ‘அதனால சார்’ எதிரே ஒரு வாக்கியத்தைச் சொல்லிவிட்டுத் தப்பித்துப் போன ஆள் கிடையாது. அவர் என் மகள் சுகுணா படித்த பள்ளியின் கணக்கு வாத்தியார். யார் எதைச் சொன்னாலும் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, “அதனால?” என்பார். தெலுங்குக்காரர்களுக்கு, “அயித்தே?”

ஒருநாள் ஹெட்மாஸ்டர், “மழை வருது சார்” என்றாராம்.

“அதனால?”

“ஸ்கூலுக்கு லீவு உட்ரலாம்.”

“மாங்கா மண்டியிலயும் இதே மழைதான் பெய்யுது. அங்க லீவு உட்டாங்களா?”

ஹெட்மாஸ்டர் நனைந்துகொண்டே போய் மணி அடிக்கச் சொன்னார்.

பத்தாம் வகுப்புக்கு அவர் வைத்த யோசனைப் பரீட்சைதான் பெரிய கூத்து. பழுத்த மாம்பழம் மஞ்சளாக இருக்கும். இந்தக் கூடையில் இருப்பதும் மஞ்சள். அதனால் இது பழுத்ததா? ‘ஆமாம்’ என்று எழுதியவர்கள் கூடையிலிருந்து ஆளுக்கொரு துண்டு தின்ன வேண்டும். அன்று வகுப்பே புளிப்பில் பல் கூசி உட்கார்ந்திருந்தது.

சுகுணா மட்டும் ‘சொல்ல முடியாது’ என்று எழுதியிருந்தாள். சரியான விடை. மார்க் பூஜ்யம். காரணம் எழுதாத விடைக்கு அவரிடம் மார்க் கிடையாது. இந்தப் பரீட்சையில் அவர் தேறச் செய்தவர்கள்தான் திருப்பதியில் நடக்கும் கணக்குப் போட்டிக்குப் போகலாம். அங்கே ஜெயித்தால் ஹாஸ்டலோடு இன்டர், அதாவது ஆந்திராவின் பிளஸ் டூ, இலவசம். மாம்பழக்கூழ் கம்பெனியில் வேலை பார்க்கும் எனக்கு, அவளை மேலே படிக்கவைக்க வேறு வழியில்லை.

நான் நாலு பேரைக் கண்டால் நாக்கு ஒட்டிக்கொள்ளும் ஆள். இருந்தும் ஸ்டாஃப் ரூமில் அவர் எதிரே போய் நின்றேன்.

“பொண்ணு சரியாத்தான் எழுதிகீறா சார்.”

“அதனால?”

அவர் சுகுணாவை அழைத்தார்.

“அக்கறை இருக்கறவங்க பேரன்ட்ஸ் மீட்டிங்குக்கு வராங்க. உங்க நைனா ஒரு தபா கூட வரல. அதனால அவருக்கு அக்கறை இல்ல. சரியா, தப்பா?”

ஸ்டாஃப் ரூமே திரும்பிப் பார்த்தது. அவளும் என் வார்ப்புதான். சுலபத்தில் வாய் திறக்கமாட்டாள்.

“தப்பு சார்.”

“காரணம்?”

“வராததுக்கு வேற காரணமும் இருக்கலாம். நைனாவுக்கு வெக்கம். மீட்டிங் அன்னிக்கெல்லாம் கேட்டுக்கு வெளிய சைக்கிளப் புடிச்சிகினு நிப்பாரு. நான் ஜன்னல்லேருந்து பாத்துகினே இருப்பேன்.”

சார் கண்ணாடியைக் கீழே இறக்கி என்னைப் பார்த்தார்.

“அது நீங்கதானா? சைக்கிளோட நிக்கறாரே, பழைய பேப்பர்காரர்னு இல்ல நெனச்சிகினு இருந்தேன்!”

“அந்தக் கூடையிலேருந்து உங்களுக்கும் ஒரு துண்டு கொண்டாரட்டுமா சார்?” என்றார் அங்கே உட்கார்ந்திருந்த ஹெட்மாஸ்டர்.

சார் முழு மார்க் போட்டார். போட்டியில் ஜெயித்து சுகுணா இப்போது திருப்பதியில் படிக்கிறாள்.

போன வாரம் அவளைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது பஸ்ஸில் சார் இருந்தார். ரிடையராகிவிட்டாராம்.

“இப்பல்லாம் பேசறதுக்கு ஆளே இல்லப்பா” என்றார்.

“அதனால?” என்று கேட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

சித்தூர் வருகிறவரை பேசியது நான்தான்.