யாருடைய பட்டியலிலும் இல்லாத அரை வடை

பெங்களூரில் உடம்பைக் குறைப்பவர்கள் என்று ஒரு கூட்டம் உண்டு. அவர்களைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. அவர்கள் குறைவாகச் சாப்பிடுகிறார்கள், இளைக்கிறார்கள், பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். நான் சொல்ல வந்தது வேறோர் இனத்தைப் பற்றி. இந்த இனத்தார் எதையும் குறைப்பதில்லை. பங்கிடுவார்கள். ஒரு நாளைக்கு இத்தனை கலோரி என்று யாராவது ஓர் எண்ணைச் சொல்லிவிட்டால் போதும்; அதைக் காலைக்கு இவ்வளவு, மத்தியானத்துக்கு இவ்வளவு, சாயங்காலத்துக்கு ஒரு கிள்ளு, ராத்திரிக்கு மீதி என்று கூறுபோட்டு, கட்டம் கட்டி, கட்டத்துக்கு வர்ணம் அடித்து, அடித்த களைப்புக்கு ஒரு காபி குடித்து, அந்த வேலையிலேயே இரண்டு கிலோ இறங்கிவிட்டதாக நம்புகிறவர்கள். கலோரிப் பங்கீட்டாளர் என்று பெயர் வைத்துக்கொள்வோம்.

இவரை அடையாளம் காண்பது சுலபம். உங்களைப் பார்த்ததும் சௌக்கியமா என்று கேட்கமாட்டார். ராத்திரி எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறீர்கள் என்று கேட்பார். ஒன்பது என்று நீங்கள் சொன்னால், துக்கம் விசாரிக்க வந்தவரைப் போல ஒரு நிமிஷம் பேசாமல் இருப்பார். பிறகு மெதுவாக ஆரம்பிப்பார். என்ன சாப்பிடுகிறோம் என்பது முக்கியமே இல்லை, எந்த வேளையில் எவ்வளவு என்பதில்தான் இருக்கிறது எல்லாம். அவர் அப்போது எதைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார் என்று நீங்கள் பார்க்கக் கூடாது.

அவருடைய கொள்கை மாதத்துக்கு ஒன்று மாறும். ஜனவரியில் காலை உணவுதான் பெரியதாக இருக்க வேண்டும். பிப்ரவரியில் யாரோ அனுப்பிய வீடியோவைப் பார்த்துவிட்டு மத்தியானத்தைப் பெரிதாக்குவார். மார்ச்சில் சூரியன் மறைவதற்குள் ராத்திரிச் சாப்பாட்டை முடித்துவிட வேண்டும், முடித்துவிடுவார், ஒன்பது மணிக்குப் பசிக்கும்போது அது எந்த வேளையிலும் சேராத பசி என்பதால் எந்த வேளையிலும் சேராத அவல் உப்புமாவைச் சாப்பிடுவார். ஒரு வேளையைப் பெரிதாக்குவதற்கு இன்னொரு வேளையைச் சிறிதாக்க வேண்டும் என்பது மட்டும் எந்த மாதத்துக் கொள்கையிலும் வராது.

கல்யாணப் பந்தியில் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். இரண்டாவது ஜாங்கிரி இலையில் விழும்போது அவர் முகத்தில் ஒரு சாந்தம் வரும். இது நாளை மத்தியானத்தில் சேர்கிறது என்பார். இப்படி முன்னால் இருந்து எடுத்து எடுத்து, புதன்கிழமைக்குள் அடுத்த திங்கட்கிழமை வரைக்கும் சாப்பிட்டு முடித்திருப்பார். திங்கட்கிழமை வருமே, அன்றைக்கு என்ன செய்வார் என்கிறீர்களா? பசிக்காதா அவருக்கு?

நான் நெருங்கிப் பார்த்த பங்கீட்டாளர் எங்கள் மல்லேஸ்வரம் கட்டடத்தில் எனக்கு மேல் வீட்டில் இருக்கும் கஸ்தூரிரங்கன். பீன்யாவில் ஒரு தொழிற்சாலையில் முப்பத்திரண்டு வருஷம் தரப் பரிசோதனைப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு தலைமுடியின் கனத்தில் பத்தில் ஒரு பங்கு பிசகினாலும் உருப்படியைத் திருப்பி அனுப்பியவர். அந்தக் கையால் இப்போது கொத்தமல்லிச் சட்னியை எடைபோடுகிறார். பட்டியல் தயாரானதும் கட்டடத்தில் எல்லோருக்கும் ஒரு பிரதி கொடுப்பார். என் மனைவி இருந்தவரை எங்களுக்கு வரும் பிரதியின் பின்பக்கத்தில் மார்கழிக் கோலங்களைப் போட்டுப் பார்ப்பாள். அந்தத் தாளுக்கு அதைவிட நல்ல உபயோகத்தை நான் கண்டதில்லை.

இதெல்லாம் விளையாட்டாகவே போயிருக்கும். ஆனால் அவர் மனைவி ஜெயலக்ஷ்மியின் முழங்கால் அப்படிப் போகவிடவில்லை. இரண்டு முட்டியும் தேய்ந்துவிட்டது, ஆபரேஷன் செய்யலாம், ஆனால் எண்பத்து நாலு கிலோ எழுபத்தேழுக்கு வந்தால்தான் கத்தியை எடுப்பேன் என்று டாக்டர் சொல்லிவிட்டார். எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. மூன்றாவது மாடியிலிருந்து அந்த அம்மாள் கீழே வர முடியாமல் நாலு மாதம் ஆகியிருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகும் நாட்களில் மட்டும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, வாட்ச்மேனும் கஸ்தூரிரங்கனும் நானும் தூக்கி இறக்குவோம். ஒவ்வொரு மாடியிலும் யாராவது கதவைத் திறந்து பார்ப்பார்கள். ஜெயலக்ஷ்மி முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர். கீழே போய்ச் சேரும் வரை கண்ணைத் திறக்கமாட்டார்.

அந்த ஏழு கிலோவைக் குறைக்கும் பொறுப்பைக் கஸ்தூரிரங்கன் ஏற்றுக்கொண்டார். வேறு யாரிடம் கொடுப்பார்? மனைவிக்கு ஒரு நாளைக்கு ஆயிரத்து நானூறு. காலை முந்நூற்றைம்பது, மத்தியானம் ஐந்நூறு, சாயங்காலம் நூற்றைம்பது, ராத்திரி நானூறு. அளந்தார், எழுதினார், தனக்கும் ஆயிரத்து எண்ணூறுக்கு ஒரு பட்டியல் போட்டுக்கொண்டார். அந்த அம்மாளும் கொடுத்ததைச் சாப்பிட்டு, கொடுக்காததைக் கேட்காமல் இருந்தார். ஆறு வாரம் கழித்து நாற்காலியில் இறக்கி, என் காரில் ஏற்றிக் கொண்டுபோய் ஆஸ்பத்திரி எடை மெஷினில் நிறுத்தினோம். எண்பத்து நாலு புள்ளி ஆறு.

கஸ்தூரிரங்கன் முதலில் செய்த காரியம், எடை மெஷினைக் கடைசியாக எப்போது சரிபார்த்தீர்கள் என்று கேட்டது. அங்கே உணவு ஆலோசனை சொல்லும் கிருத்திகா ஒரு தருமபுரிப் பெண். சிரித்துக்கொண்டே, நீங்களும் ஏறிப் பாருங்கள் சார் என்றாள். அவர் இரண்டு கிலோ ஏறியிருந்தார். மெஷின் மீதிருந்த சந்தேகம் அவருக்கு ஊர்ஜிதமாயிற்று.

கிருத்திகா பட்டியலைப் பார்த்தாள். அழகான பட்டியல். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை என்பதுதான் அவளுக்கு உறுத்தியிருக்க வேண்டும். ஒரு வாரத்துக்கு இரண்டு பேரும் தனித்தனியாக, ஒருவருக்கொருவர் காட்டாமல், வாயில் போட்டதை எல்லாம் எழுதிக்கொண்டு வரச் சொன்னாள்.

இந்த இடத்தில், பெங்களூரை அறியாதவர்களுக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். இங்கே நின்றுகொண்டே சாப்பிடும் தர்ஷினி ஓட்டல்களில் காபியைப் ‘பை-டூ’ என்று கேட்டால், ஒரு காபியை இரண்டு டம்ளரில் பாதிப் பாதியாக ஊற்றித் தருவார்கள். நல்ல வழக்கம். சிக்கனமும் சிநேகிதமும் ஒரே டம்ளரில் கிடைக்கும். ஆனால் பங்கீட்டாளர் கையில் அகப்பட்டால் எது உருப்படும்? காலை ஏழுக்குப் பூங்காவில் கூட நடக்கும் ரகுவோடு பை-டூ, ஒன்பதுக்கு மார்க்கெட் வாசலில் கிடைத்தவரோடு பை-டூ, பதினொன்றுக்கு என்னோடு பை-டூ. இதை எந்த வேளையில் எழுதுவீர்கள் என்று ஒருநாள் கேட்டேன். அரைக்கு எங்கே கட்டம் இருக்கிறது என்று என்னைத் திருப்பிக் கேட்டார்.

மறு வாரம் இரண்டு தாள்களும் கிருத்திகாவின் மேஜைக்கு வந்தன. கார் என்னுடையது என்பதால் நானும் உள்ளே உட்கார்ந்திருந்தேன். இரண்டு தாளும் ஆயிரத்து நானூறுக்கும் ஆயிரத்து எண்ணூறுக்கும் பத்து கலோரி தவறாமல் வந்து நின்றன. அவள் ரொம்ப நேரம் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

“சார், சனிக்கிழமை சாயங்காலம் வெளிய போனீங்களா?”

“போனேன். காய்கறி வாங்க.”

“வரும்போது எதாவது?”

“ஒரு வடை. பை-டூ. அவ பாதி, நான் பாதி.”

“ரெண்டு லிஸ்ட்லயும் இல்லையே சார்.”

“அவளுக்குன்னுதானே வாங்கினேன். நான் சும்மா கூடச் சாப்ட்டேன். அது அவ லிஸ்ட்ல வரும்.”

கிருத்திகா அந்தப் பக்கம் திரும்பினாள். ஜெயலக்ஷ்மிக்கு ஆச்சரியமாக இருந்தது. “அது அவரோட வடையாச்சே. அவர் தின்னார், நான் பாதி எடுத்துண்டேன். அவர் எழுதியிருப்பார்னு இருந்துட்டேன்.”

பிறகு மெல்ல மெல்ல வெளியே வந்தது. ஞாயிற்றுக்கிழமை பாதி மசால் தோசை. திங்கள் பாதி மைசூர்பாக். செவ்வாய் மறுபடி வடை, கூடவே ஃப்ளாஸ்க்கில் பை-டூ காபி. எதுவும் பாதிக்கு மேல் இல்லை; பாதிகள்தான் நாளைக்கு மூன்று நாலு. எந்தப் பாதியும் யாருடைய தாளிலும் இல்லை. ஒருவர் மற்றவருடையது என்று நம்பி, இருவரும் மனசாட்சி உறுத்தாமல் தின்றிருக்கிறார்கள். கிருத்திகா கூட்டிப் பார்த்தாள். ஆளுக்கு, நாளைக்கு, முந்நூற்றெண்பது.

“எந்த வேளைக்கு எவ்ளோங்கிறத அப்புறம் பாத்துக்கலாம் சார். மொதல்ல மொத்தம்.”

கஸ்தூரிரங்கன் வாயைத் திறந்தார். காலைப் பங்கில் கொஞ்சம் தளர்த்தினால் என்று ஏதோ தொடங்கியிருப்பார். அதற்குள் ஜெயலக்ஷ்மி, வகுப்பில் குரல் உயர்த்தாமலே பேசிப் பழகியவர், அதே மாதிரி சொன்னார்.

“ஆறு மாசமா நானா கீழே எறங்கலை. எறங்கறதுக்காகத்தான் இத்தனை அளவும் எடையும். நீங்க தெனம் கீழே போய், நான் எறங்க முடியாம இருக்கறதுக்கு பாதி வடை வாங்கிண்டு வரேள்.”

தரப் பரிசோதனையில் முப்பத்திரண்டு வருஷம் இருந்தவருக்கு, திருப்பி அனுப்பப்பட்ட உருப்படி எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்திருக்கும்.

மறுநாளிலிருந்து மேலே ஒன்றும் போகவில்லை. ஆனால் காய்கறி வாங்க அவர் கீழே வர வேண்டியிருக்கிறதே? இரண்டு நாள் கழித்து அவரைத் தர்ஷினியில் பார்த்தேன். முழு வடை வாங்கியிருந்தார். பாதியைத் தின்றுவிட்டு, மீதியைப் பார்த்துக்கொண்டு, தட்டைக் கையில் வைத்தபடி நின்றார். முழுதாக ஒன்றைத் தனியாகச் சாப்பிடுவது எப்படி என்று அவருக்குத் தெரியவில்லை. அப்படி நிற்பது எனக்குப் பழக்கம்தான். கொஞ்ச நாளில் கற்றுக்கொள்ளலாம் என்று சொல்ல நினைத்து, சொல்லாமல் வந்துவிட்டேன்.

கற்றுக்கொள்ளவும் இல்லை அவர். பாதிக்கு ஆள் இல்லாததால் வாங்குவதே நின்றுபோய், இளைப்பது என்ற காரியம் வாழ்க்கையில் முதல் தடவையாகத் தானாக அவருக்கு நடந்தது. மேலே ஜெயலக்ஷ்மி ஒரு நோட்டில், மொத்தம் என்ற ஒரே ஒரு கட்டம் போட்டு, தன் கையால் எழுதிக்கொண்டார். ஐந்து மாதத்தில் எழுபத்தேழு. அதற்கு அடுத்த மாதம் ஆபரேஷன். அது முடிந்து பத்தாவது வாரம், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஒரு படிக்கு இரண்டு கால் வைத்து, அந்த அம்மாள் தானே இறங்கி வந்தார். வழக்கம் போல எல்லா மாடியிலும் கதவு திறந்தது. இந்தத் தடவை கண்ணைத் திறந்து, ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி விசாரித்துக்கொண்டே வந்தார்.

இங்கே கதையை முடித்தால், பங்கீட்டாளர் திருந்திவிட்டார் என்று நீங்கள் நினைத்துக்கொள்வீர்கள். அந்த இனம் திருந்துவதில்லை. பங்கிடும் பொருளைத்தான் மாற்றும்.

ஒரு நாளைக்கு இரண்டாயிரம் அடி நடக்க வேண்டும் என்று பிசியோதெரபிஸ்ட் சொல்லியிருந்தார். அன்றைக்குக் கடைசிப் படியில் கஸ்தூரிரங்கன் ஒரு தாளோடு நின்றிருந்தார். காலையில் அறுநூறு, மத்தியானம் இருநூறு, சாயங்காலம் ஆயிரம், ராத்திரி மீதி. கட்டத்துக்கு வர்ணம் எல்லாம் அடித்திருந்தது. மனைவியின் நெற்றியில் வேர்த்திருப்பதைப் பார்த்ததும் அவருக்குத் தாங்கவில்லை.

“ரொம்ப சிரமப்படாதே ஜெயா. நீ ஆயிரம் நட. மிச்சம் ஆயிரத்தை நான் நடந்துடறேன்.”

அந்த அம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்தார். “முட்டியை அறுத்தப்போ எங்கே போயிருந்தேள், பை-டூவுக்கு?” என்று சொல்லிவிட்டு, தெருவில் இறங்கித் தனியாக நடந்தார். கஸ்தூரிரங்கன் பின்னாலேயே ஓடினார், தாளைப் பிடித்துக்கொண்டு.

நீங்கள் இப்போது தலையாட்டுகிறீர்கள். இப்படி ஒருவரை உங்களுக்கும் தெரியும். அலுவலகத்தில் இருக்கிறார், மாமனார் வீட்டில் இருக்கிறார், நல்லவேளை நீங்கள் அந்த ரகம் இல்லை. சரி. இதைப் படிக்க ஆரம்பித்ததிலிருந்து, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரின் தட்டுக்கு உங்கள் கை எத்தனை தரம் போய் வந்தது? நாலு தேன்குழல் துண்டு இருக்குமா? எந்த வேளையில் எழுதப் போகிறீர்கள்? அது உங்கள் தட்டே இல்லை என்கிறீர்கள். நல்லது. தட்டுக்காரரையும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள், அவர் பக்கத்தில் இருக்கும்போதே. பிற்பாடு ஒருநாள் தட்டு முழுக்க உங்களுடையது ஆகிவிடும். அதை எத்தனை வேளைக்குப் பங்கிட்டாலும் தீராது.