செல்விக்கு அனுப்பிய டிஸ்க்

வட்டமாக, பளபளப்பாக இருப்பதெல்லாம் எல்லாப் பெட்டியிலும் பாடும் என்று நம்பியவன் நான். அந்த நம்பிக்கை என் மனைவியை இன்னும் இரண்டு வருஷம் குவைத்திலேயே உட்கார வைத்தது.

கல்யாணமான மறுவருஷமே செல்வி அங்கே வீட்டு வேலைக்குப் போய்விட்டாள். இலங்கையில், ருவான்வெல்லைக்குப் பக்கத்தில் றப்பர் தோட்டத்து வரிசை வீடான லயத்தில், ஒற்றை அறைக் காம்பராவில் நான் தனியாளானேன். காலையில் மரத்தில் பால் வெட்டப் போவேன், வந்து சோறு பொங்குவேன். (ஒரு ஆளுக்கு அளவாகப் பொங்க எனக்கு வரவே இல்லை. அடுத்த காம்பராக் கோழிகள் கொழுத்தன.) அவள் பேசுவது தோட்டத்துக் கடை போனுக்குத்தான். நான் வாயைத் திறந்ததும் கடைக்காரர் அரிசி நிறுப்பதை நிறுத்திவிடுவார்.

ஒப்பந்தம் முடியும் நேரம் அவள் கேட்டாள்: "மேடம் இன்னும் ரெண்டு வருஷம் இருக்கச் சொல்றாங்க. நீங்க என்ன சொல்றீங்க?"

வந்துவிடு என்று சொல்லத்தான் ஆசை. கடையே காது கொடுத்து நின்றது. "யோசிச்சு சொல்றேன்" என்றேன்.

அவள் சமையல் செய்த குசினியில் டிஸ்க் போடும் பாட்டுப் பெட்டி ஒன்று உண்டு. குரலைப் பதிந்து, லீவு முடிந்து குவைத்துக்குத் திரும்பும் ஒருத்தியிடம் கொடுத்துவிட நினைத்தேன். கடைத்தெருவில் கம்பியூட்டர் கடை வைத்திருந்த நிமல், "ஐயே, ப்ளேயர் எகடத, கொம்பியுட்டர் எகடத?" என்றான். பாட்டுப் பெட்டிக்கா, கம்பியூட்டருக்கா என்று சிங்களத்தில் கேட்கிறான்.

எதில் அதிகம் கொள்ளும் என்றேன். கம்பியூட்டருக்குப் பதிந்தால் பத்து மடங்கு கொள்ளுமாம், ஆனால் பாட்டுப் பெட்டியில் ஓடாமல் போகலாமாம். வெளிநாட்டுக்குப் போகும் பார்சலில் எங்கள் ஆட்கள் விரல் நுழைய இடம் விடமாட்டார்கள். பாதி வெறுமையாக அனுப்பினால் அக்கறையில்லாதவன் என்று பேர் வரும். டிஸ்க்குக்கு டிஸ்க் என்ன பெரிய வித்தியாசம் என்று நிமலுக்கே பாடம் எடுத்து, கம்பியூட்டருக்குத்தான் பதியச் சொன்னேன். சினிமாப் பாட்டு, சாமிப் பாட்டு, கோயில் மேளம் எல்லாவற்றையும் அடைத்து, கடைசியில் அவனை வெளியே அனுப்பிவிட்டு என் பேச்சைப் பதிந்தேன்.

அவள் அதைக் கேட்டுக்கொண்டிருப்பாள் என்று நினைத்துப் படுத்த நாட்களில் மட்டும் காம்பரா அவ்வளவு வெறிச்சென்று இல்லை.

கடைக்குப் போன் வந்தது. "பெட்டியில 'நோ டிஸ்க்'னு எழுத்து வருதுங்க. துடைச்சுத் துடைச்சுப் போட்டுப் பார்த்தேன். இவங்க கம்பியூட்டர நான் தொடக்கூடாது. அதுல என்ன சொன்னீங்க? இப்ப சொல்லுங்க."

தராசு நின்றது.

"பாட்டுதான். சும்மா பாட்டு."

"அப்ப இருந்துட்டு வரவா?"

"உன் இஷ்டம்."

இருந்துவிட்டுத்தான் வந்தாள். பிறகு மகள் பிறந்தாள். அவள் படிப்புக்குக் கம்பியூட்டர் வாங்கிய அன்று, செல்வி சேலைகளுக்கு அடியிலிருந்து அந்த டிஸ்க்கை எடுத்துவந்தாள். பாட்டெல்லாம் முடிந்ததும் என் இளவயதுக் குரல் கேட்டது: "செல்வி, காசு போதும். வந்துடு. வீட்டுல பேச ஆளில்ல."

"பாட்டுன்னு சொன்னீங்களே" என்றாள் செல்வி.

இப்போதும் நான் ஏதாவது ஒன்றுக்குப் பதில் சொல்லாமல் இருந்தால், வந்த சொந்தக்காரர்கள் முன்னால் மகள் சொல்வாள்: "அம்மா, அப்பாவ கம்பியூட்டர்ல போட்டுக் கேளுங்க." எல்லோரும் சிரிப்போம். செல்விக்கு மட்டும் சிரிப்பு கொஞ்சம் தாமதமாகத்தான் வரும்.