சுவரில் நான்கு நாற்காலிகள்

மனித குலம் நாற்காலியைக் கண்டுபிடித்தது சாதாரண விஷயம். கால் வலித்தது, செய்துகொண்டது. அதையே அச்சடித்து, சட்டம் போட்டு, சுவரில் மாட்டிய அன்றுதான் நாகரிகம் முழுமை பெற்றது. இந்தப் பேருண்மையை நமது மனிதவள மேலாளர் தம் தலைமை அதிகாரியின் அறையில் உணர்ந்தார். அங்கே ஒரு நாற்காலிப் படம் தொங்கியது.

"இதைப் பார்த்தா என்ன தோணுது?" என்றார் அதிகாரி.

உட்காரத் தோன்றியது. ஆனால் மேலாளர் விவரமானவர். "அமைதி சார்" என்றார். அதிகாரி அவரை முதன்முறையாக மரியாதையோடு பார்த்தார்.

விரைவிலேயே மேலாளரின் வீட்டுக்கும் நான்கு படங்கள் வந்தன. இரும்புக் குழாயை வளைத்த நாற்காலி ஒன்று, ப்ளைவுட்டை வளைத்தது ஒன்று, தோல் திண்டு வைத்தது ஒன்று. நான்காவது, உட்காருபவரின் முதுகைத்தான் வளைக்கும் போலிருந்தது. எல்லாம் சென்ற நூற்றாண்டு மேதைகளின் வடிவமைப்பு. மாட்டிய பிறகுதான் ஒரு சிக்கல் தெரிந்தது. கூடத்தில் கிடந்த நிஜ நாற்காலிகள் படத்து நாற்காலிகளை மறைத்தன.

மேலாளர் உடனே குடும்ப 'ஆலோசனைக் கூட்டம்' கூட்டினார். மனைவி கரண்டியோடு கலந்துகொண்டார்.

"சோபா, நாற்காலி எல்லாத்தையும் யாருக்காவது குடுத்துடலாம். சுவர் மூச்சு விடணும்."

"நாம எங்க உக்கார்றது?"

"தரை இருக்கே! உடம்புக்கும் நல்லது."

"உங்க அப்பா நம்மகூடவே இருக்கலாம்னு வர்றாரு. முட்டி ஆபரேஷன் ஆனவரு. தரையில உக்காரவே கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காருங்க."

"அது தனிப் பொருள். அடுத்த கூட்டத்துல பேசுவோம்."

அடுப்பில் பால் பொங்கியது. மனைவி உள்ளே ஓடினார். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. சுவருக்கு இடைஞ்சல் என்று கட்டில்களையும் அனுப்பிவிட்டு மெத்தைகளைத் தரையில் போட்டார்கள்.

அப்பா வந்தார். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலை பார்த்த காலமெல்லாம் ஊரையே உட்காரவைத்துவிட்டுத் தான் நின்றவர். மகன் வீட்டில் ஆற அமர உட்காரவேண்டும் என்பது அவருடைய ஒரே ஆசை.

"நாற்காலியெல்லாம் எங்கப்பா?"

மேலாளர் பெருமையோடு சுவரைக் காட்டினார்.

"உக்காருறதுக்குக் கேட்டேன்."

"இது உக்காருறதுக்கு இல்லப்பா. மனுஷன் எப்படி உக்காரணுங்கிற சிந்தனை."

"அந்தச் சிந்தனையை நின்னுக்கிட்டுதான் பார்க்கணுமா?"

"கொஞ்சம் தள்ளி நின்னு பாருங்க, இன்னும் நல்லாயிருக்கும்."

அப்பா தள்ளி நின்றார். பிறகு ஜன்னல் கம்பியைப் பிடித்து நின்றார். சாப்பிடும்போதும் தட்டைக் கையில் ஏந்தி நின்றார். படுப்பதற்கு மகன் ஒரு பக்கமும் மருமகள் ஒரு பக்கமும் பிடித்து இறக்கினார்கள். வீட்டில் உட்கார வசதியுள்ள ஒரே இடம் கழிப்பறை என்று அவர் சீக்கிரமே கண்டுபிடித்தார். பேப்பரோடு உள்ளே போனால் லேசில் வெளியே வருவதில்லை.

"மாமா, ஆச்சா? ஆபீசுக்கு நேரமாகுதுன்னு இவரு குதிக்கிறாரு."

"இரும்மா, விளையாட்டுச் செய்தி மட்டும் பாக்கி."

ஒரு காலையில் அப்பா பையைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றார்.

"உன் தங்கச்சி வீட்டுக்குப் போறேன்ப்பா. அங்க சுவத்துல ஒண்ணும் கிடையாது. பிளாஸ்டிக் சேர் இருக்கு."

"எங்ககூடவே இருந்துடுவீங்கன்னு நெனச்சேன்ப்பா."

"நானும் அப்படித்தான் நெனச்சேன்" என்றார் அப்பா. கோபமாகச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை, சிரித்துக்கொண்டே சொன்னார்.

அப்பாமேல் மேலாளருக்கு உயிர். அதில் யாரும் சந்தேகப்பட வேண்டாம். அப்பா இல்லாத கூடம் வெறிச்சென்று இருப்பதாக மனைவியிடம் சொல்லிக் கண் கலங்கினார். நன்றாக யோசித்தார். செயலில் இறங்கினார். மூன்றே நாளில் அப்பாவின் படம் பெரிதாக அச்சாகி, அதே மாதிரிச் சட்டத்தில், நாற்காலிகளுக்குப் பக்கத்தில் ஏறியது.

மனைவி பதறிப்போனார். "உசிரோட இருக்கிறவரை ஏங்க சுவத்துல மாட்டுறீங்க?"

"அப்பா நம்மகூடவே இருக்கட்டும்னுதான்."

மேலாளர் தள்ளி நின்று பார்த்தார். மனசு நிறைந்தது. அப்பா எதையும் மறைக்கவில்லை, இடத்தை அடைக்கவில்லை, நாற்காலியும் கேட்கவில்லை.