ஆஸ்வெல்லின் பதினொருவர்

மனித நாகரிகத்தை எகிப்தியர்கள் தொடங்கிவைத்தார்கள், கிரேக்கர்கள் வளர்த்தார்கள், அதை நிறைவு செய்யும் பொறுப்பு ஐயோவா மாநிலத்து ஆஸ்வெல் கல்லூரியின் ஃபுட்பால் குழுவிடம் வந்து சேர்ந்திருக்கிறது. இரண்டாம் உலகப் போர் முடிந்த மறு ஆண்டு செப்டம்பரில், ஊர்ப் பிரமுகர்களின் காலை உணவுக் கூட்டத்தில் கல்லூரித் தலைவர் டாக்டர் ஹூக்ஸ்ட்ரா இவ்வாறு அறிவித்தபோது யாரும் மறுத்துப் பேசவில்லை. எல்லோர் வாயிலும் பான்கேக் இருந்தது.

வடிவியல் ஆசிரியரும் குழுவின் பயிற்சியாளருமான எமில் ராட்ஸ்லாஃப் மட்டும் முள்கரண்டியைக் கீழே வைத்தார். அவருடைய குழு கடைசியாக ஓர் ஆட்டத்தில் வென்றது போருக்கு முன்பு. அதுவும் எதிரணியின் பேருந்து பனியில் சிக்கிக்கொண்டு வராமல் போனதால்.

கூட்டம் கலைந்ததும் தலைவர் அவர் தோளில் கைபோட்டு ஓரமாக அழைத்துப் போனார். "இந்தப் பருவத்துல ஒரு ஆட்டம்கூடத் தோக்கக் கூடாது எமில். பிரிக்ஸ் வாக்குக் கொடுத்துட்டார்."

பிரிக்ஸ் என்பவர் சோளத்தை டப்பாவில் அடைத்து விற்கும் ஆலைக்கு அதிபர். போருக்குப் போய்த் திரும்பாத ஆஸ்வெல் பையன்களின் நினைவாகப் பெரிய ஆட்ட அரங்கம் ஒன்று கட்டித்தர அவர் மனமுவந்து முன்வந்திருந்தார். ஒரே ஒரு சிறு நிபந்தனை: குழு தோற்கக் கூடாது. தோற்ற ஊரின் தியாகிகளுக்குக் கல் நாட்டுவது சோள வியாபாரத்துக்கு உகந்ததல்ல என்று அவர் கருதினார்.

"திரும்பாதவங்க எத்தனை பேர் தெரியுமா எமில்? பதினொருத்தர். ஃபுட்பால் குழுவுல எத்தனை பேர்? பதினொருத்தர். இது தற்செயலா? நமக்கு மேல ஒரு குழு இருக்கு."

எமில் தலையாட்டினார். தட்டைப் பாதம் என்று பட்டாளம் அவரைத் திருப்பி அனுப்பியிருந்தது. அதனால் இந்த விஷயத்தில் யார் என்ன சொன்னாலும் தலையாட்டுவது என்று அவர் முடிவு செய்திருந்தார்.

அந்த ஊரில் ஃபுட்பால் என்பது பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடுவதும், ஓடுகிறவன் மேல் மற்றவர்கள் போய் விழுவதும். இதில் கால் எங்கே வருகிறது என்று கேட்கிறவர் அங்கே நெடுநாள் குடியிருக்க முடியாது. போர்க்காலம் முழுவதும் எமில், பட்டாளத்தில் சேரும் வயது வராத பையன்களைக் கூட்டிவைத்து, 'ஆடுகளம் ஒரு போர்க்களம்' என்ற தலைப்பில் சொற்பொழிவாற்றி வந்தார். பையன்கள் அழுவார்கள். பிறகு தோற்பார்கள்.

இந்த ஆண்டு வந்தவர்கள் வேறு ரகம். பட்டாளத்திலிருந்து திரும்பி, அரசாங்கச் செலவில் படிக்க வந்தவர்கள். பாதிப் பேருக்குக் கல்யாணம் ஆகியிருந்தது; சிலருக்கு முன்மண்டை வழுக்கை. ஒருவர் குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துப் பயிற்சிக்கு அழைத்து வந்திருந்தார். எமில் தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்கினார்.

"பசங்களா, இது ஒரு போர்க்களம்."

ஓர்வில் ஸ்டெங்கல் கையைத் தூக்கினான். மாட்டுக் கொட்டகைக் கதவு அளவுக்கு ஆள்; பசிபிக் தீவுகளில் மூன்று வருடம் இருந்துவிட்டு வந்தவன். "மத்தியானச் சாப்பாடு உண்டா கோச்? போர்க்களம்னா அது எப்பவுமே சந்தேகம்தான், அதான் கேட்டேன்."

"ஆட்டத்துக்கு முந்தின ராத்திரி பொம்பளைங்க முகத்துல முழிக்கக் கூடாது. இது விதி."

"என் வீட்டுக்காரிகிட்ட நீங்களே வந்து சொல்லிடுங்க கோச்," என்றான் குழுத் தலைவன் மெர்ல் டீக். "எனக்கு அந்த அளவுக்குத் தைரியம் பத்தாது."

மெர்லுக்கு இத்தாலியில் வெடித்த குண்டின் சில்லு ஒன்று இடது முட்டியில் தங்கியிருந்தது. ஆனாலும் பந்தை உதைக்க வேண்டிய அபூர்வ தருணங்களில் நேராக உதைக்கத் தெரிந்தவன் அவன் ஒருவனே. மாட்டு வைத்தியம் படித்துக்கொண்டிருந்தான். நாள் முழுக்க வயல்வெளியில் நடக்க வேண்டிய தொழில்.

பிறகு அவர்கள் வெல்லத் தொடங்கினார்கள். எமிலின் சொற்பொழிவுதான் காரணம் என்று தலைவர் பத்திரிகைக்குச் சொன்னார். உண்மையில் எதிரணிப் பையன்கள் பல்லைக் கடித்து முறைக்கும்போது, ஆஸ்வெல்காரர்கள் பரிவோடு பார்ப்பார்கள். பிறகு கீழே தள்ளுவார்கள். விழுந்தவனைத் தூக்கிவிட்டு, "மூச்ச இழுத்து விடு தம்பி, ஒண்ணும் ஆகல," என்பார்கள். பையன்கள் அதில்தான் நிலைகுலைந்தார்கள். திட்டுக்குத் தயாராகி வந்தவர்கள். ஆறுதலுக்குத் தயாராகி வரவில்லை.

நவம்பரில் கடைசி ஆட்டம் மட்டும் பாக்கி. ஆற்றுக்கு அக்கரைக் கல்லூரியோடு. அதற்குள் ஊரே மாறிப்போயிருந்தது. நாவிதர் எமிலிடம் கூலி வாங்க மறுத்தார். தேவாலயத்தில் அவருக்கு முன்வரிசை கிடைத்தது. வாழ்க்கையில் முதல்முறையாகத் தம் பாதங்கள் தட்டையாக இருப்பதை எமில் மறந்தார்.

அக்கரைக் கல்லூரியிலும் அரசாங்கச் செலவில் ஆட்கள் வந்திருந்தார்கள். அவர்களும் நிலைகுலையவில்லை. முதல் பாதியிலேயே ஏழு புள்ளி பின்தங்கியாயிற்று. போதாக்குறைக்கு மெர்ல் முட்டியில் அடிபட்டு விழுந்தான். கல்லூரி வைத்தியர் முட்டியை அமுக்கிப் பார்த்தார். மெர்ல் வலியில் உதட்டைக் கடித்தான்.

"அந்தச் சில்லு நகர்ந்திருக்கு," என்றார் வைத்தியர் எமிலிடம். "இன்னொரு அடி பட்டா ஆயுசுக்கும் ஊன்றுகோல்தான்."

இடைவேளையில் தலைவர் உடைமாற்றும் அறைக்கு எழுந்தருளினார். தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டார்.

"அந்தப் பதினொருத்தரும் மேலேருந்து பார்த்துட்டிருக்காங்க. அவங்களுக்காக ஆடுங்க."

ஓர்வில்தான் வாயைத் திறந்தான். "டோனி வாவ்ரா பார்க்க மாட்டான் சார். ஆட்டம் நடக்கிற அன்னைக்கெல்லாம் நூலகத்துல போய் ஒளிஞ்சுக்குவான். அவன் கிளாரினெட் வாசிக்கிறவன்."

"அடையாளமாச் சொன்னேன்," என்றார் தலைவர்.

"டோனி அடையாளம் இல்ல சார். எனக்குப் பக்கத்துப் பதுங்குகுழியில இருந்தவன்."

தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார். இத்தகைய சந்தர்ப்பங்களுக்கென்றே கல்விமான்கள் கடிகாரம் கட்டிக்கொள்கிறார்கள்.

ஆட்டம் முடியச் சற்று நேரமே இருந்தபோது ஓர்வில் மூன்று பேரை முதுகில் சுமந்துகொண்டு எல்லைக்கோட்டைத் தாண்டி விழுந்தான். ஆறு புள்ளி. இன்னும் ஒன்றே ஒன்று குறைவு. பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் அது கிடைக்கும், ஆட்டம் சமம், குழு தோற்கவில்லை, அரங்கம் எழும்பும், நாகரிகம் நிறைவுபெறும்.

தலைவர் பார்வையாளர் வரிசையிலிருந்து இறங்கி ஓடி வந்தார். பின்னால் பிரிக்ஸ், சுருட்டோடு.

"மெர்லை அனுப்புங்க எமில். ஒரே ஒரு உதை."

"உதைக்கிறவன் மேல அந்தப் பக்கத்து ஆளுங்க வந்து விழுவாங்க சார். வைத்தியர் என்ன சொன்னார்னா—"

"பதினொரு பேர் உயிரையே குடுத்திருக்காங்க. இவன் ஒரு முட்டியைக் குடுக்கக் கூடாதா?"

பலகையில் உட்கார்ந்திருந்த மெர்ல் எழுந்து நின்றான். முகம் வெளுத்திருந்தது. "நான் போறேன் கோச். ஒரு உதைதானே."

எமில் அவனைப் பார்த்தார். நாவிதரும் தேவாலயத்து முன்வரிசையும் அவர் கண்முன் ஒரு கணம் வந்து போனது உண்மை. இவனை இத்தாலிக்கு அனுப்பியபோதும் யாரோ ஒருவர், சுருட்டு வாசனைக்கு நடுவே, இதே மாதிரி 'ஒரே ஒரு' என்று சொல்லியிருப்பார் என்று அவருக்குத் தோன்றியது. அவர் குரல் நடுங்கியது. சொற்பொழிவுகளில் ஒருபோதும் நடுங்காத குரல்.

"உட்காரு மெர்ல்."

"கோச்—"

"உட்காருன்னேன். திங்கக்கிழமை உனக்குப் பரீட்சை இருக்கு."

மெர்ல் உட்கார்ந்தான். அந்தப் பருவம் முழுவதிலும் எமில் இட்ட கட்டளைகளில் நிறைவேற்றப்பட்டது அது ஒன்றுதான்.

ஓர்வில் உதைத்தான். பந்து கம்பங்களுக்கு அருகே கூடப் போகாமல், சாசேஜ் விற்பவரின் வெந்நீர்ப் பாத்திரத்தில் போய் விழுந்தது. ஆஸ்வெல் ஒரு புள்ளியில் தோற்றது. களத்தில் இரண்டு அணிக்காரர்களும் கைகுலுக்கிக்கொண்டு, யார் எந்தப் படைப்பிரிவு என்று விசாரித்துக்கொண்டு நின்றார்கள். பார்வையாளர் வரிசையில் சோள ஆலை அலுவலர்கள் அழுதார்கள்.

விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. போர் அனுபவம் காரணமாக ஆட்டக்காரர்களிடம் 'போர்க்குணம்' குறைந்துவிட்டதாகவும், பயிற்சியாளர் ஒரு முட்டியின் நலனைக் கல்லூரியின் நலனுக்கு மேலாகக் கருதியதாகவும் அது கண்டறிந்தது. எமிலைப் பயிற்சிப் பொறுப்பிலிருந்து விடுவித்து, வடிவியல் மட்டும் கற்பிக்கும்படி பணித்தார்கள். நாவிதர் மறுபடி கூலி வாங்க ஆரம்பித்தார். மெர்ல் லேசாகச் சாய்ந்து நடந்தாலும் நடந்தே மாட்டு வைத்தியரானான்.

அரங்கம் எழும்பாமல் போகவில்லை. நினைவுச் சின்னத்துக்கு வரிவிலக்கு உண்டு என்று யாரோ சொன்னதும் பிரிக்ஸின் நெஞ்சு மறுபடி இளகிவிட்டது. 'பிரிக்ஸ் இனிப்புச் சோள நினைவரங்கம்' இரண்டே வருடத்தில் திறக்கப்பட்டது. வாசலில் ஆளுயரக் கருங்கல். மேற்பாதியில் பதினொரு பெயர்கள். டோனி வாவ்ராவின் பெயரில் ஓர் எழுத்துப் பிழை. கீழ்ப்பாதி வழவழவென்று வெறுமையாக இருந்தது.

திறப்புவிழாவில் எமில் அதைத் தடவிப் பார்த்தார். "எதுக்கு சார் பாதிக் கல்லைச் சும்மா விட்டிருக்கீங்க?"

"முன்யோசனை வேணும் எமில்," என்றார் தலைவர்.

அந்த முன்யோசனையை எவ்வளவு புகழ்ந்தாலும் தகும். கொரியாவில் சண்டை மூண்டு முதல் குளிர்காலம் முடிவதற்குள் கல்தச்சர் உளியோடு வந்துவிட்டார். எமிலின் வடிவியல் வகுப்பில் மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருந்த பையனின் பெயரைத்தான் முதலில் செதுக்கினார். இவ்வளவு வசதியாக இடம் விட்டுவைத்த கல்லூரியைத் தாம் எங்குமே பார்த்ததில்லை என்று அவர் மனம்விட்டுப் பாராட்டினார். தலைவர் அடக்கத்தோடு தலைகுனிந்து அந்தப் பாராட்டை ஏற்றுக்கொண்டார்.