இன்சூரன்ஸ்காரனை நெவில் ஜெயித்த கதை

கிறிஸ்துமஸ் தாத்தாவும் தன் அப்பாவும் ஒரே செருப்பைப் போட்டிருப்பதைக் கண்டுபிடித்த நாளிலிருந்து நெவில் யாரையும் நம்புவதில்லை. இங்கிலாந்தின் பர்ன்லி ஊரில் பால்காரர், பல் டாக்டர், டி.வி.யில் மழை வரும் என்று சொல்லும் பெண் எல்லாருமே அவர் கணக்கில் ஃபிராடுகள்தான். விதிவிலக்கு ஒரே ஆள், மனைவி டோரீன். அவளைச் சந்தேகப்பட அவருக்குத் தோன்றியதே இல்லை.

ஆகவே பைக் இன்சூரன்ஸ் கம்பெனி, "பழைய கம்பெனியிடமிருந்து நீங்கள் இழப்பீடு எதுவும் கேட்டதில்லை என்பதற்கான சான்றும் லைசென்ஸ் போட்டோவும் அனுப்புங்கள்" என்று எழுதியபோது அவர் சிரித்தார்.

"திருடன் இப்பல்லாம் ஸ்டாம்பு ஒட்டித்தான் வரான், டோரீன்."

"கம்பெனி பேரு போட்டிருக்கே?"

"பேரு போடாம எந்த ஃபிராடு வருவான்?"

கிழித்துப் போட்டார். நினைவூட்டல் வந்தது. அதையும் கிழித்துப் போட்டார். அடுத்து வந்தது பாலிசி ரத்து என்ற கடிதம். ரத்துக் கட்டணத்தைப் பிடித்துக்கொண்டு மிச்சத்தைத் தருவார்களாம். இதை மட்டும் உடனே நம்பினார். கெட்ட செய்தி என்றால் நெவிலுக்கு அத்தாட்சி வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமையானால் பைக்கை எடுத்துக்கொண்டு மலைமேல் இருக்கும் டீக்கடைக்குப் போய், பன்றிக்கறி வைத்த பன்னைத் தின்று, இன்னும் நாலு கிழவர்களோடு என்ஜினைப் பற்றிப் பொய் பேசிவிட்டு வருவதற்காகத்தான் அவர் மற்ற ஆறு நாளும் உயிரோடிருந்தார். டோரீனுக்கோ அந்த ஞாயிறுகள் நரகம். போன வசந்தத்தில் ஒரு வளைவில் பைக் ஒரு பக்கம் போக, இவர் ஒரு பக்கம் முள்வேலிக்குள் போனார். ஆஸ்பத்திரி நடைபாதையில் ஆறிப்போன டீயோடு உட்கார்ந்திருந்தபோது அவள் பயந்த பயம் இன்னும் அவளை விட்டுப் போகவில்லை. "வித்துடு நெவில்" என்று கெஞ்சிப் பார்த்தாள். ஆயுள்காப்பீட்டுக்காரன் அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருப்பான் என்றார் நெவில்.

கம்பெனிக்குப் போன் போட்டார். அரைமணி நேரம் பாட்டு கேட்ட பிறகு கீத் என்று ஒரு பையன் லைனில் வந்தான்.

"பாதுகாப்புக்காகக் கேக்கறேன் சார், உங்க பிறந்த தேதி?"

"உன்னோடதை முதல்ல சொல்லு."

"சார், போன் பண்ணினது நீங்க."

"அதான் உங்க தந்திரமே. நாங்களா போன் பண்ற மாதிரி வச்சிருக்கீங்க."

கீத் மேலதிகாரியைக் கூப்பிட்டான். மேலதிகாரி தன் மேலதிகாரியைக் கூப்பிட்டார். பிறகு நெவில் புகார் எழுத ஆரம்பித்தார். உங்கள் கடிதம் உண்மையில் உங்களுடையதுதான் என்று எனக்கு எப்படித் தெரியும், இந்தக் கடிதம் என்னுடையதுதான் என்று உங்களுக்கு எப்படித் தெரியும் என்று பக்கம் பக்கமாகக் கேட்டார். படித்தவர்களுக்குத் தலை சுற்றியிருக்க வேண்டும். கம்பெனி பணிந்துவிட்டது. மன்னிப்புக் கேட்டு, இரண்டு வழி சொன்னார்கள். பாலிசியை ரத்தே ஆகாத மாதிரி பழையபடி தொடரலாம். அல்லது, ரத்து ரத்தாகவே இருக்கட்டும், கட்டிய பணத்தை ஒரு பென்னி பிடிக்காமல் திருப்பித் தருகிறோம்.

நெவில் துள்ளிக் குதித்தார். "பாத்தியா? ஞாயித்துக்கிழமை டீக்கடை!"

டோரீன் உருளைக்கிழங்கு உரிப்பதை நிறுத்தவில்லை. "நல்லதுதான் கண்ணு. ஆனா ரத்து பண்ணினவனே எதுக்குத் தானா திரும்பி வரான்?"

நெவிலின் முகம் மெல்ல மாறியது.

"எனக்கு என்ன தெரியும்," என்றாள். "நம்ம பணம் அவன்கிட்டயே இருக்கணும்னு அவனுக்கு அவ்வளவு ஆசை. ஏன்னுதான் யோசிச்சேன்."

"அடப்பாவி," என்று முணுமுணுத்தார் நெவில். "தொடரச் சொல்லி வலை விரிக்கிறான்."

"நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்."

அன்றே எழுதிப்போட்டார், பணம்தான் வேண்டும், பாலிசி வேண்டாம் என்று. பணம் முழுசாக வந்தது. தெருவில் போவோர் வருவோரையெல்லாம் நிறுத்தி வெற்றியைச் சொன்னார். டோரீன் அவருக்காக ஆப்பிள் கேக் செய்தாள்.

பிறகு வேறு கம்பெனிகளில் இன்சூரன்ஸ் கேட்டார். எல்லாரும் ஒரே கேள்வி கேட்டார்கள். "எந்தக் கம்பெனியாவது உங்கள் பாலிசியை ரத்து செய்ததுண்டா?" உண்டு என்றதும் பைக்கின் விலையையே பிரீமியமாகக் கேட்டார்கள்.

"எல்லாப் பயலும் கூட்டுக் களவாணி," என்றார் நெவில்.

"இன்சூரன்ஸ் இல்லாத பைக்கை வச்சிருந்தாலே அபராதமாமே? ஓட்டலைன்னு அரசாங்கத்துக்கு எழுதிப்போட்டா விட்டுடுவாங்களாம்."

"எழுதிப்போட்டா என் பைக் எங்க நிக்குதுன்னு அவங்களுக்குத் தெரிஞ்சிடாதா?"

"அப்ப எழுத வேண்டாம்," என்றாள் டோரீன். "பைக் விக்கறதுக்குன்னு விளம்பரம் மட்டும் கொடுக்கலாம். வாங்க வர்றவன் எல்லாம் ஃபிராடாத்தான் இருப்பான், நீ ஒரு பார்வையில கண்டுபிடிச்சிடுவே. நல்லவனா ஒருத்தன் வந்தா மட்டும் கொடு."

நெவில் மனசுக்குள் சிரித்துக்கொண்டார். நல்லவன் ஒருத்தன் இந்த லங்காஷயரில் எங்கே இருக்கிறான்? சம்மதித்தார். முதலில் வந்தவனை அவன் மீசைக்காக விரட்டினார். அடுத்தவன் விலை பேசாமல் ஒத்துக்கொண்டான். அதற்காகவே அவனையும் விரட்டினார்.

சனிக்கிழமை காலை ஒரு வேன் வந்து நின்றது. இறங்கியவர் கழுத்தில் வெள்ளைப் பட்டை. பக்கத்து ஊர் சர்ச்சின் பாதிரியார். தள்ளாத வயதுக்காரர்களை வீட்டில் போய்ப் பார்க்கப் பைக் வேண்டுமாம்.

நெவில் லைசென்ஸ் கேட்டார். பாதிரியார் காட்டினார். வேறு ஏதாவது அத்தாட்சி என்றார். அதையும் காட்டினார். நெவில் உள்ளே போய் பிஷப் அலுவலகத்துக்கே போன் போட்டார். தங்கமான மனுஷர் என்றார்கள்.

"பிளாஸ்கில டீ ஊத்தி வச்சிருக்கேன் ஃபாதர், வழிக்கு," என்றாள் டோரீன், பைக்கின் சாவியையும் சேர்த்து நீட்டியபடி.

வாழ்க்கையில் முதல்முறையாக நெவில், வந்தவன் ஒரு ஃபிராடாக இருந்துவிடக் கூடாதா என்று ஏங்கினார்.