தூணுக்கு இந்தப் பக்கம் கற்ற புள்ளியியல்

பெருமதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இங்கு நாங்கள் இருவரும் சுகம். அங்கு நீங்களும் உங்கள் துணைவியாரும் சுகமாகவும், உங்கள் முதுகுவலி சுகமில்லாமலும் இருக்கும் என்று நம்புகிறேன். வழக்கமாக என் கடிதத்தில் அடுத்த வரி மழையைப் பற்றி இருக்கும். இன்று மழைக்கு இடமில்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன். நான் பட்டதாரி ஆகிவிட்டேன். கடிதத்தைக் கீழே வைத்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு வந்து மேலே படிக்கவும்.

உங்கள் வீட்டு விசேஷ அழைப்பிதழ் ஒவ்வொன்றிலும் எல்லார் பெயருக்குப் பின்னாலும் இரண்டு எழுத்தாவது நிற்கும், என் பெயருக்குப் பின்னால் மட்டும் அச்சகத்துக்காரர் கொஞ்சம் வெள்ளைக் காகிதம் விட்டு வைப்பார். யாராவது என்னைப் பற்றிக் கேட்டால் "இவரு யூனிவர்சிட்டில இருக்காரு" என்பீர்கள், அவர்கள் உடனே "ஓ, புரொபசரா?" என்று எழுந்திருக்கப் பார்ப்பார்கள், நீங்கள் "இல்ல இல்ல, அங்க மெஷின் பாத்துக்கிறாரு" என்பீர்கள், அவர்கள் மறுபடி உட்கார்ந்துவிடுவார்கள். நீங்கள் சொன்னதில் பொய் ஒன்றுமில்லை. இருபத்திரண்டு வருஷமாகப் பதினான்காம் எண் அரங்கில் புரொஜெக்டர் ஓட்டுகிறவன் நான். ஆனால் அந்த மறுபடி உட்காருவது இருக்கிறதே, அது எனக்குப் பொறுக்கவில்லை. அதனால்தான் உங்களிடம்கூடச் சொல்லாமல் ஏழு வருஷத்துக்கு முன்னால் மாலைநேரப் பட்டப்படிப்பில் சேர்ந்தேன். ஊழியர்களுக்குக் கட்டணமில்லாத இடம், ஆனால் ஓய்வு பெறும் நாளோடு அந்த இடமும் போய்விடும். எல்லாப் பாடமும் முடித்தேன், ஒன்று பாக்கி, புள்ளியியல். எனக்கு ஓய்வு இந்த மாதக் கடைசியில்.

இனித்தான் சிக்கல். புள்ளியியல் வகுப்பு மாலையில் கிடையாது. காலை பத்து மணிக்கு மட்டும்தான், அதுவும் பதினான்காம் எண் அரங்கில்தான். அந்த நேரத்தில் அங்கே புரொஜெக்டர் ஓட்ட வேண்டியவன் யார்? நான். அதாவது நான் புள்ளியியல் வகுப்புக்குப் போக முடியாது, ஏனென்றால் நான் புள்ளியியல் வகுப்பில் இருந்தாக வேண்டும். இதை மேலதிகாரியிடம் சொன்னபோது அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்து, "ரெண்டு நாள் லீவு போட்டு ரெஸ்ட் எடுங்க" என்றார்.

நூலகத்து அம்மாதான் வழி சொன்னார். ஒரு பாடத்தை வேறிடத்தில் ஏற்கெனவே கற்றிருந்தால் வகுப்புக்கு வராமலே தேர்வெழுதி, பாடத்தை முடித்ததற்கான கிரெடிட்டை வாங்கிக்கொள்ளலாமாம், விதி இருக்கிறதாம். விண்ணப்ப வரிசையில் எனக்கு முன்னால் ஒரு நர்ஸ், உடலியலுக்கு. பதினைந்து வருஷ ஆஸ்பத்திரிச் சான்றிதழை நீட்டினார், ஒரு நிமிஷத்தில் வேலை முடிந்தது. என் படிவத்தில் ஒன்பதாவது கேள்வி: இந்த அறிவை எங்கே பெற்றீர்கள்? உங்கள் தங்கை புறப்படும்போதே எச்சரித்தாள். "ஏதாவது ஒரு ஆபீஸ் பேரை எழுதிட்டு வாங்க, அரிச்சந்திரன் வேஷம் கட்டாதீங்க." நான் கேட்கவில்லை. "இங்கேதான். பதினான்காம் எண் அரங்கு, பின்சுவருக்குப் பின்னால் உள்ள புரொஜெக்டர் அறை" என்று முத்து முத்தாக எழுதினேன். எழுத்தர் படிக்காமலே முத்திரை குத்தினார்.

தேர்வைப் பற்றி என்ன சொல்ல, மச்சான். இருபத்திரண்டு வருஷம் ஒரே பேராசிரியர், ஒரே பாடம், ஒரே வரிசையில் படங்கள். அவர் எந்த வரியில் தொண்டையைச் செருமுவார், எந்த வரியில் கண்ணாடியைத் துடைப்பார் என்பது வரைக்கும் எனக்கு மனப்பாடம். அவர் "அடுத்து" என்று வாயெடுக்கும் முன்பே அடுத்த படம் திரையில் இருக்கும். ஒரு சமயம் அவர் தலைகீழ் வரிசையில் நடத்த ஆரம்பித்தபோது நான் சரியான வரிசையில் படத்தைப் போட்டு அவரைத் திருப்பிக்கொண்டு வந்தேன். வெறும் மனப்பாடம் என்று நினைத்துவிடாதீர்கள். சில வருஷங்களில் எனக்கே சந்தேகங்கள் வந்தன, அறைக்குள் தனியாக உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன், பல்பு எத்தனை நாளுக்கு ஒரு தடவை போகும் என்று சராசரியும் திட்டவிலக்கமும் போட்டு, போவதற்கு முதல் நாளே மாற்றி வைத்தேன். ஆகவே கேள்வித்தாளைப் பார்த்ததும் சொந்தக்காரரைப் பார்த்த மாதிரி இருந்தது. மளமளவென்று எழுதினேன். திட்டவிலக்கத்தில் அவர் வழக்கமாக ஒரு ஜோக் சொல்வார், கை வேகத்தில் அதையும் எழுதிவிட்டேன். வெளியூர்க் கல்லூரி ஆசிரியர் ஒருவர் திருத்தினார். அந்த இடத்தில் ஓரத்தில், "விடை சரி. நகைச்சுவை தேவையில்லை" என்று குறித்திருந்தார். மதிப்பெண் தொண்ணூற்றொன்று. போன ஒன்பதும் ஒரே கேள்வியில் போனது. அரங்கில் நடுவே ஒரு தூண் இருக்கிறது. என் அறைக் கண்ணாடியிலிருந்து பார்த்தால் கரும்பலகையின் இடது பாதி அந்தத் தூணுக்குப் பின்னால் மறைந்துவிடும். அவர் இடது பக்கம் எழுதியது எதுவும் எனக்கு இன்றுவரை தெரியாது.

கிரெடிட்டைப் பதிவு செய்யப் போனால், அதே எழுத்தர் அன்றைக்குப் பார்த்துப் படிவத்தை முதல் தடவையாகப் படித்தார்.

"வேற இடத்துல கத்துக்கிட்டிருக்கணும்னு விதி. நீங்க இங்கயே கத்துக்கிட்டதா எழுதியிருக்கீங்க."

"ஆமாங்க, உண்மை அதுதானே."

"இங்கயே கத்துக்கிட்டா அது வகுப்புக்கு வந்த மாதிரி. வகுப்புக்கு வந்தவங்க பதிவு பண்ணியிருக்கணும். நீங்க பண்ணல. பதிவு பண்ணாம இருபத்திரண்டு வருஷம் வகுப்புல உக்காந்திருக்கீங்க. அது ஒழுங்குமீறல்."

"நான் வகுப்புக்கு வரலைங்க, வேலைக்கு வந்தேன்."

"அப்ப எப்படிக் கத்துக்கிட்டீங்க?"

கிரெடிட்டைப் பதிவு செய்ய முடியாது என்று சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்துவிட்டேன். ஓய்வுக்குப் பதினொரு நாள் இருந்தது. ஏழு வருஷப் படிப்பு ஒரு வரியில் போகிறதே என்று எனக்கு அழுகை வந்தது, மறைக்கவில்லை. உங்கள் தங்கை தையல் மெஷினை நிறுத்திவிட்டு நடந்ததை முழுவதும் கேட்டாள். "சொன்னா கேட்டாத்தானே" என்று ஒரு தடவை சொன்னாள். இரண்டாம் தடவை சொல்லவில்லை. மறுநாள் அவளே மேல்முறையீடு எழுதினாள்.

மூன்று பேர் கொண்ட குழு. தலைவி ஒரு அம்மா, பக்கத்தில் சட்டம் தெரிந்தவர் ஒருவர், மூன்றாமவர் தூங்கினாரா கண்ணை மூடி யோசித்தாரா என்பது கடைசிவரை தெரியவில்லை. உங்கள் தங்கை கழுத்தில் இஞ்சு டேப்போடு வந்திருந்தாள். எடுக்க மறந்தாள் என்றுதான் நான் நினைத்தேன்.

"அம்மா, இவரு வகுப்புல கத்துக்கிட்டிருந்தா நூத்துக்கு நூறு வாங்கியிருக்கணும்ல? அந்த ஒம்பது மார்க் எங்க போச்சு? வகுப்புல உக்காந்தவங்களுக்குப் பலகை முழுசும் தெரியும். இவருக்குப் பாதிதான் தெரியும். ஏன்னா இவரு வகுப்புலயே இல்ல, செவுத்துக்கு அந்தாண்ட இருந்தாரு. நீங்களே வந்து பாருங்க."

வந்தார்கள், மச்சான். தலைவி அம்மா என் அறையின் குறுகலான இரும்புப் படியில் ஏறி, என் நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தார். "ஆமாம், இந்தப் பக்கம் ஒண்ணுமே தெரியல" என்றார். உங்கள் தங்கை அறைக்கும் முதல் பெஞ்சுக்கும் நடுவே டேப்பைப் பிடித்து அளந்து, சுவரின் கனத்தையும் சேர்த்துச் சொன்னாள். சட்டம் தெரிந்தவர் அதைக் குறித்துக்கொண்டே, "கண்ணு வெளிய இருந்தாலும் காது உள்ளதானே இருந்தது" என்றார்.

அப்போதுதான் பேராசிரியரைக் கூப்பிட்டார்கள். என்னைவிட இரண்டு வயது மூத்தவர், கோட்டில் எப்போதும் சாக்பீஸ் தூள். இத்தனை வருஷத்தில் நாங்கள் பேசியது "குட்மார்னிங்", "ஃபோகஸ்" இரண்டு வார்த்தைதான். தலைவி அம்மா கேட்டார், "இவர் உங்க வகுப்புலதான் கத்துக்கிட்டாரா?" ஆமாம் என்றால் என் கதை முடிந்தது. அவர் என் விடைத்தாளை வாங்கி நின்றபடியே முழுவதும் படித்தார். ஜோக் வந்த இடத்தில் லேசாகச் சிரித்தார். பிறகு சொன்னார்:

"என் வகுப்புல பதிவு பண்ணி உக்காந்தவங்கள்ல பாதிப் பேருக்கு மேல பெயில். தொண்ணூறு தாண்டினவங்க இதுவரைக்கும் யாரும் இல்ல. என் வகுப்புல இவ்வளவு கத்துக்க முடியாதும்மா. இவரு வேற எங்கயோதான் கத்துக்கிட்டு வந்திருக்காரு. எழுதியே தர்றேன்."

எழுதியும் கொடுத்தார். தன் வகுப்பில் இவ்வளவு கற்க வழியில்லை என்று தன் கையாலேயே எழுதிக் கையெழுத்துப் போட்ட மனிதரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. படியிறங்கும்போது என் தோளில் கை வைத்து, "அங்க ஒருத்தர் கேட்டுக்கிட்டு இருக்கீங்கன்னு தெரிஞ்சிருந்தா, தூணுக்கு இந்தப் பக்கமா எழுதியிருப்பேன்" என்றார். கிரெடிட் அன்று மாலையே பதிவாயிற்று. அதே எழுத்தர்தான் முத்திரை குத்தினார், இந்தத் தடவை நன்றாகப் படித்துவிட்டு.

ஆகவே மச்சான், இனி என்னை யாருக்காவது அறிமுகம் செய்தால் எப்படிச் செய்வீர்கள் என்பதை இப்போதே யோசித்து வைக்கவும். அடுத்த அழைப்பிதழில் என் பெயருக்குப் பின்னால் காகிதத்தை வீணாக்க வேண்டாம் என்று அச்சகத்துக்காரரிடம் சொல்லவும். ஓய்வு பெற்ற மறுநாளே நாங்கள் இருவரும் புறப்பட்டு வந்து உங்கள் வீட்டில் ஒரு மாதம் தங்குகிறோம். புரொஜெக்டரை இனி இந்த ஜென்மத்தில் தொடுவதில்லை என்று முடிவெடுத்துவிட்டேன். எத்தனை பேரை வேண்டுமானாலும் வரவழையுங்கள், அவர்கள் எழுந்து நிற்பதை நான் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

உங்கள் துணைவியாருக்கு என் வணக்கம். பிள்ளைகள் நோயின்றி, பாடத்தில் பாக்கியின்றி நீடு வாழ என் ஆசிகள்.

இப்படிக்கு,
தங்கள் தங்கையின் கணவன்,
பட்டதாரி.

பி.கு: தபால்தலை வாங்கச் சோம்பல்பட்டு இதை ஒரு வாரம் வைத்திருந்துவிட்டேன். அதற்குள், ஊழியர்களின் ஓய்வு வயது இரண்டு வருஷம் கூட்டப்பட்டிருப்பது தெரியவந்தது. உத்தரவு நான்கு மாதத்துக்கு முன்பே வந்து அறிவிப்புப் பலகையில் இருந்திருக்கிறது, அதன் மேல் கேன்டீன்காரர் தன் பட்டியலை ஒட்டிவிட்டார். ஆகவே மேலே "ஓய்வு", "மாதக் கடைசியில்", "பதினொரு நாள்", "ஒரு மாதம் தங்குகிறோம்" என்று வரும் இடங்களைத் தள்ளிவிட்டுப் படிக்கவும். அழுத இடத்தையும் தள்ளிவிடலாம். விஷயம் தெரிந்ததும் பேராசிரியர் என்னிடம் வந்து, "அப்படின்னா முதல் பெஞ்சுல ஒரு வருஷம் வந்து உக்காருங்க, என் வகுப்புல ஏதாவது கத்துக்க முடியுதான்னு எனக்குத் தெரியணும்" என்றார். ஆசையாகப் போய்க் கேட்டேன். கிரெடிட் வாங்கிய பாடத்தில் மறுபடி உட்கார விதியில் இடமில்லை என்று எழுத்தர் சொல்லிவிட்டார். அதனால் திங்கள்கிழமை முதல் பழையபடி என் அறையில்தான் இருக்கிறேன், புரொஜெக்டர் ஓட்டுகிறேன். ஒரு வித்தியாசம். இப்போது பேராசிரியர் தூணுக்கு இந்தப் பக்கமாக எழுதி, ஒவ்வொரு கணக்கு முடிந்ததும் நிமிர்ந்து என் கண்ணாடியைப் பார்த்து "சரியா?" என்கிறார். சரி என்றால் நான் அரங்கு விளக்கை ஒரு தடவை அணைத்துப் போட வேண்டும், தவறு என்றால் இரண்டு தடவை. நேற்று இரண்டு தடவை போட்டேன். வகுப்பு முழுவதும் திரும்பி மேலே பார்த்தது. அவர் பலகையைப் பார்த்தார், அழித்தார், திருத்தி எழுதினார்.